நோட்டை எட்டிப் பார்க்க முடியாத வகுப்பு

பி.காம் முதலாண்டு. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி, அடுத்ததை நீங்கள் போடுங்கள் என்று சொல்லிப் பத்து நிமிடம் ஆகிறது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"சார், டிரையல் பேலன்ஸ் டேலி ஆகல சார்."

"எவ்வளவும்மா வித்தியாசம்?"

"எழுநூறு சார்."

"முந்நூத்தம்பது எங்கயாவது இருக்கா பாரு."

இருக்கிறது. பெற்ற தள்ளுபடி 350 ரூபாய். வரவுப் பக்கம் போகவேண்டியது பற்றுப் பக்கம் ஏறியிருக்கிறது. டிரையல் பேலன்ஸ் என்கிற இருப்பாய்வில் பற்று, வரவு இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். ஒரு தொகை பக்கம் மாறி உட்கார்ந்தால் வித்தியாசம் அதைப்போல இரண்டு மடங்காக வரும். அதனால் வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேட வேண்டும். அதே வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கம் முன்பின்னாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 7,200 என்பதை 2,700 என்று எழுதிவிட்டால் 4,500 இடிக்கும். 4,500 ஒன்பதின் மடங்கு. கணக்குப்பதிவியல் நடத்துபவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம்.

ஆனால் அந்த ஆசிரியர் இதோடு நிற்பதில்லை. அந்தப் பெண்ணின் பெஞ்சு வரை போனவர், திரும்பி வரும் வழியில் நான்கைந்து நோட்டுகளை எட்டிப் பார்க்கிறார். மூன்றில் அதே தவறு. பலகைக்கு வந்து, "தள்ளுபடி கொடுத்தா நஷ்டம், வாங்கினா லாபம். லாபம் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார். அறுபது பேரும் ரப்பரைத் தேடுகிறார்கள். மொத்தம் இரண்டு நிமிடம். பாடத்திட்டத்தில் இதற்குப் பெயர் கிடையாது. ஆனால் நேரடி வகுப்பை இணையத்துக்கு மாற்றும்போது முதலில் காணாமல் போவது இதுதான். பாடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த இரண்டு நிமிடம் வழியில் எங்கோ விழுந்துவிடும். எனவே மாற்றும் வேலையை இந்த இரண்டு நிமிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டபோது இப்படி யோசிக்க யாருக்கும் அவகாசம் இல்லை. ஒரே வாரத்தில் ஊரடங்கு. கும்பகோணத்தில் 1854இல் தொடங்கிய அரசுக் கல்லூரியிலிருந்து நேற்று தொடங்கிய சுயநிதிக் கல்லூரி வரை எல்லோரும் செய்தது ஒன்றே: இருக்கிற கால அட்டவணையை அப்படியே தூக்கி செல்போனுக்குள் வைத்தார்கள். காலை முதல் மதியம் வரை ஐந்து ஹவர். முதல் ஹவர் ஜூமில், அடுத்தது கூகுள் மீட்டில். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும்; அறுந்ததும் புது லிங்க். "சார் கேக்குதா சார்", "மியூட் பண்ணுங்கம்மா" என்பதிலேயே பாதி நேரம் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த மாதமே அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹாட்ஜஸ் உள்ளிட்ட ஐந்து கல்வியியலாளர்கள் ஒரு கட்டுரையில் இதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். இப்போது நடப்பது அவசரத்துக்குத் தூரத்திலிருந்து நடத்துவது. இணையவழிக் கல்வி என்பது வேறு, அது மாதக்கணக்கில் திட்டமிட்டுக் கட்டப்படுவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றார்கள். வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்தில் தங்குகிறோம், அதற்காக அதை வீடு என்று சொல்வதில்லை அல்லவா, அதுபோல. நம்மூரில் இந்த வேறுபாடு பேசப்படவே இல்லை. "ஆன்லைன்ல ஒண்ணும் ஏறல" என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டோம். ஏறாததற்கு ஆன்லைன் எவ்வளவு பொறுப்பு, அட்டவணையை அப்படியே தூக்கி வைத்தது எவ்வளவு பொறுப்பு என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்க்கவேண்டிய தேவை இப்போதும் இருக்கிறது. 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவுக் குறிப்பு, ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையத்தில் நடத்தலாம் என்று யோசனை சொன்னது. அது ஒரு பக்கம். டெல்டாவில் அதைவிட நெருக்கமான காரணம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை நாள் கல்லூரி நடக்கும் என்பது ஆட்சியரின் காலை அறிவிப்பில் இருக்கிறது. செமஸ்டரின் நடுவில் ஏழெட்டு நாள் போய்விட்டால், வருடக் கடைசி லாப நஷ்டத்தையும் இருப்பையும் காட்டும் இறுதிக் கணக்குகள் என்ற பெரிய அலகை ஒரே வாரத்தில் ஓட்டவேண்டி வரும். "லீவு விட்டா என்ன, ஆன்லைன்ல எடுங்க" என்று மேலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வருவது இங்கிருந்துதான்.

இதில் ஒரு வேடிக்கை. எந்த நாளில் ஆன்லைன் வகுப்பு வேண்டுமென்று கேட்கிறார்களோ, அந்த நாளில்தான் ஆன்லைன் இருக்காது. நன்னிலம் பக்கமோ குடவாசல் பக்கமோ பெருமழையில் கரன்ட் போனால், கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் இறங்கி சிக்னலும் போய்விடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வேதாரண்யம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்களில் பலவற்றுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் இருக்கும் இடத்தைத் தேடிப் போனார்கள். ஆகவே மழைநாளுக்கு நேரலை வகுப்பு என்பது காகிதத்தில் மட்டும் நடக்கிற காரியம். முன்கூட்டியே அனுப்பி, இறக்கி வைத்துக்கொண்டு, கரன்ட் இல்லாவிட்டாலும் பார்க்கக்கூடியதாக இருந்தால்தான் உண்டு. ஆரஞ்சு எச்சரிக்கை முதல் நாளே வந்துவிடுகிறது. அன்று மாலையே பாடத்தை அனுப்பிவிட வேண்டும்.

டேட்டாக் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு மணி நேர வீடியோ வகுப்பு பல நூறு எம்பியை விழுங்கும். ஐந்து ஹவர் உட்கார்ந்தால் அன்றைய ஒன்றரை ஜிபி மதியத்துக்குள் காலி. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழ்நாடு அரசு 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவசமாகக் கொடுத்தது இதனால்தான். அது முடிந்து பல வருடம் ஆகிறது. பத்து நிமிட வாய்ஸ் நோட்டோ ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடும். விளக்கம், கண்டிப்பு, நகைச்சுவை எல்லாம் குரலிலேயே போய்ச் சேர்ந்துவிடும். ஆசிரியரின் முகம் போக வேண்டியதில்லை. வணிகவியலில் முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

இன்னொரு கணக்கும் உண்டு, அது பேசப்படுவதே இல்லை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வலங்கைமானிலிருந்து கும்பகோணத்துக்கு டவுன் பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணுக்குக் கல்லூரிக்கு வர ஒரு பைசா செலவில்லை. வீட்டிலிருந்தே படி என்றால்தான் ரீசார்ஜ் பண்ண வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே என்றால், அந்த ஆயிரத்துக்கு வீட்டில் ஏற்கெனவே நான்கு வேலை காத்திருக்கிறது. ஆன்லைன் என்றாலே மலிவு என்ற பேச்சு, கல்லூரிக்கு மலிவு என்பதைத்தான் சொல்கிறது.

போன் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரே ஸ்மார்ட்போன் உள்ள வீட்டில் அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு மேல்தான் திரும்பும். 2020 ஜூன் 12 அன்று, எட்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக உரிய நாளில் மேட்டூர் திறந்தது, குறுவை களைகட்டியது, கல்லூரி மூடிக் கிடந்தது. பையன்கள் காதில் இயர்போனோடு வரப்பில் நின்றார்கள். அட்டென்டன்ஸ் என்னவோ நூறு சதவீதம். பச்சை விளக்கு எரிந்தால் வகுப்பில் இருக்கிறான் என்று நாமும் நம்பிக்கொண்டோம். வேலையை மாலை நான்கு மணிக்குள் அனுப்பு என்றால் அது போன் வைத்திருப்பவனுக்கு மட்டும் சொன்னதாகும். கெடு இரவு பத்து மணி, முடிந்தால் மறுநாள் காலை என்று வைப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். தொலைநிலைக் கல்வியைப் பற்றி எழுதியவர்களில் மைக்கேல் மூர் சொன்ன ஒரு கருத்து இங்கே உதவும். தூரம் என்பது கிலோமீட்டர் அல்ல. ஆசிரியர் சொன்னதற்கும் மாணவர் புரிந்துகொண்டதற்கும் இடையே உள்ள இடைவெளி. பேச்சுவார்த்தை கூடினால் அது குறையும். பாடத்தை இறுக்கமாகக் கட்டி, மாணவர் நடுவில் புகுந்து கேட்க வழியில்லாமல் செய்தால் கூடும். இதன்படி பார்த்தால் கடைசி பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் நடுவே ஊரளவு தூரம் இருக்கலாம். இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிள்ளை, கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வந்தால் பக்கத்தில் இருக்கலாம்.

பக்கத்தில் வந்த பிள்ளைகளும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் வகுப்புகளில் பாதிப்பேர் பிளஸ் டூ வரை தமிழ்வழி. குறிப்பேடு (நடவடிக்கையை முதலில் எழுதும் ஏடு), பேரேடு (அதைக் கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் ஏடு), இருப்பாய்வு, அனாமத்துக் கணக்கு என்று படித்து வந்தவர்கள். இங்கே வந்ததும் ஜர்னல், லெட்ஜர், சஸ்பென்ஸ் அக்கவுன்ட். போஸ்டிங் என்று சார் சொல்வது எடுத்தெழுதுதலைத்தான் என்று புரியவே ஒரு மாதம் ஆகும். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சம். பதிவான பாடம் என்றால் மூன்று தடவை பின்னுக்குத் தள்ளிக் கேட்கலாம். வருடம் முழுக்க வாய் திறக்காத பெண் இரவு ஒன்பது மணிக்குத் தனி வாய்ஸ் நோட்டில், "சார், அவுட்ஸ்டாண்டிங் சாலரின்னா கொடுபட வேண்டிய சம்பளம் தானே, அப்ப ஏன் சார் ரெண்டு எடத்துல வருது?" என்று கேட்பாள். சரியான கேள்வி. நேரடி வகுப்பில் அது வந்திருக்காது.

பதிவு எவ்வளவு நீளம் இருக்கலாம்? பிலிப் குவோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் பாடங்களை வைத்து, 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட விவரத்தை அலசி 2014இல் சொன்னது: வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர் ஈடுபாட்டோடு உட்காருவது ஏறத்தாழ ஆறு நிமிடம். அமெரிக்கப் பாடங்களை வைத்து எடுத்த கணக்குதான். ஆனாலும் நம் பிள்ளைகள் அதைவிடப் பொறுமைசாலிகள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கணக்குப்பதிவியலுக்கு இது பொருந்தியே வருகிறது. ஒரு நடவடிக்கை, அதன் குறிப்பேட்டுப் பதிவு, பேரேட்டில் இரண்டு இடம். ஐந்து நிமிடம். நிறுத்து. அடுத்ததை நீ போடு.

படம் பிடிப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். சாப்பாட்டு மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூலின் நடு ஓட்டைக்கு மேல் போன், கேமரா கீழ்நோக்கி. அடியில் வெள்ளைத்தாள், கறுப்பு ஜெல் பேனா. மின்விசிறியை நிறுத்தாவிட்டால் ஒலி முழுக்க காற்றாக இருக்கும். நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பேரேட்டுக் கணக்கு என்பது இரண்டு பக்கம் உள்ள ஒரு பொருள். இடது பற்று, வலது வரவு. கரும்பலகையில் இரண்டும் ஒரே பார்வையில் தெரியும். ஐந்தரை அங்குலத் திரையில் விரலால் பெரிதாக்கினால் ஒரு பக்கம்தான் தெரியும். மறு பக்கத்துக்கு நகர்த்தினால் முதல் பக்கம் மறந்துபோகும். பக்கம் மாறிப் பதியும் தவறு ஆன்லைனில் கூடியதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறேன்; எது எந்தப் பக்கம் என்பதைக் கண் பார்க்கவே இல்லை. இதற்கு வழி, அந்த இரண்டு பக்கத்தைத் திரையிலிருந்து எடுத்து மாணவர் மடிக்குக் கொண்டுபோய்விடுவது. கட்டம் போட்ட வெற்றுத்தாள்களை செமஸ்டர் தொடக்கத்திலேயே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, "அஞ்சாவது தாளை எடு, இடது பக்கம் மூணாவது வரி" என்று குரலில் வழி சொன்னால் போதும். போன் காதுக்கு, தாள் கண்ணுக்கு.

இனி அந்த இரண்டு நிமிடம். 2020இல் நாங்கள் செய்தது, எல்லோரும் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றது. அறுபது பேர், ஆளுக்கு மூன்று படம், பாதி தலைகீழ், சிலதில் கட்டைவிரல். ஒரு நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரம், ஒரு வகுப்புக்கு. நான்கு வகுப்பு எடுப்பவர் என்ன செய்வார்? இரண்டாவது வாரத்தில் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் எமோஜி போட ஆரம்பித்துவிடுவார். கௌரவ விரிவுரையாளராக இருந்தால் அந்த டேட்டாவும் அவர் காசு.

நேரடி வகுப்பில் அறுபது நோட்டையும் நாம் பார்ப்பதில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நான்கைந்தைப் பார்த்துத்தான் வகுப்பின் நாடியைப் பிடிக்கிறோம். இணையத்திலும் அதையே செய்யலாம். ஆறு பேர் கொண்ட பத்துக் குழு. குழுவுக்குள் ஒருவர் நோட்டை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரே ஒரு நோட்டு, யாருடையது என்று ஆசிரியர் அன்று இரவுதான் சொல்வார். பத்து நோட்டு, அரை மணி நேரம். மறுநாள் காலை மூன்று நிமிட வாய்ஸ் நோட்டு: "பத்துல ஆறு பேர் தள்ளுபடியில சறுக்கியிருக்கீங்க. தாளை எடுங்க." எட்டிப் பார்த்தாகிவிட்டது.

கேட்கும் படமும் மாற வேண்டும். விடையின் படம் எதற்கும் உதவாது. டேலி ஆனதா இல்லையா என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. டேலி ஆகாத இருப்பாய்வும், வித்தியாசத்தை எப்படித் தேடினாய் என்று ஓரத்தில் கிறுக்கியதும் வேண்டும். பாதியாக்கிப் பார்த்தாளா, ஒன்பதால் வகுத்தாளா? அடித்துத் திருத்திய நோட்டுக்கு மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் காப்பியும் பாதி குறையும். காப்பி அடிப்பவன் அடித்தல் திருத்தலோடு காப்பி அடிப்பதில்லை.

மீதிப் பாதிக்கு ஒரு சின்ன உபாயம். ஆளுக்கு ஆள் எண்ணை மாற்றிவிடுவது. இயந்திரத்தின் விலை 50,000 ரூபாயோடு உன் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை நூறால் பெருக்கிச் சேர்த்துக்கொள். 37 என்று முடிந்தால் 53,700. ஒவ்வொரு வருடமும் மீதி மதிப்பின் மேல் கணக்கிடும் குறைந்துசெல் மதிப்பு முறையில் பத்து சதவீதத் தேய்மானம் முதல் வருடம் 5,370, இரண்டாம் வருடம் 4,833. பக்கத்து எண் 38க்கு வேறு தொகை. அறுபது விடையையும் எக்செல் ஒரே நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடும். நண்பனிடம் வழி கேட்கலாம், விடை கேட்க முடியாது. வழி கேட்பதை நான் காப்பி என்று சொல்ல மாட்டேன். விடுதியில் அதற்குக் கூட்டுப் படிப்பு என்று பெயர்.

எல்லாவற்றையும் இப்படி மாற்றிவிட முடியுமா என்றால், முடியாது. செமஸ்டரின் முதல் இரண்டு வாரத்தை யார் கேட்டாலும் இணையத்துக்குத் தரக்கூடாது. பற்று, வரவு என்ற சொற்களே அப்போதுதான் காலூன்றுகின்றன. யாருக்கு எங்கே இடறும் என்பதை நாமும் அப்போதுதான் தெரிந்துகொள்கிறோம். முகம் தெரிந்த பிறகு குரல் போதும். விளக்கவுரை, வரையறை, சட்டப் பிரிவு, பழைய வினாத்தாள் அலசல் இவையெல்லாம் நாற்பது சதவீதத்துக்குள் தாராளமாக இணையத்துக்குப் போகலாம், போனால் நல்லதும்கூட. இறுதிக் கணக்குகளில் கொடுபட வேண்டிய சம்பளம் போன்ற சரிக்கட்டுதல்கள் மட்டும் பாதிப் பாதி.

"படிக்கிற பிள்ளை எங்கேயும் படிக்கும்" என்று இதற்கு ஒரு பதில் வரும். கும்பகோணத்துக்காரர்கள் கூடவே ராமானுஜனை இழுப்பார்கள். அவர் தனியே கணிதம் படித்தது உண்மை. மற்ற பாடங்களைக் கவனிக்காமல் அதே ஊர்க் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததும் உண்மைதான். தனியாகப் படித்தவருக்கும் தான் எழுதியதை ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது; 1913இல் இங்கிலாந்தின் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதுவும் ஒருவகையில் நோட்டைக் காட்டுவதுதான்.

மழைநாளுக்கு என் திட்டம் இவ்வளவே. எச்சரிக்கை வந்த மாலையில் ஐந்து நிமிடப் பதிவு இரண்டு, ஒரு வாய்ஸ் நோட்டு, ஜெராக்ஸ் தாளில் எத்தனையாவது தாள் என்ற ஒரு வரி. சிக்னல் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். லீவு நாளில் அட்டென்டன்ஸ் கேட்கக்கூடாது. வெயில் அடித்துக் கல்லூரி திறக்கும் நாளில், முதல் ஹவரில், "எங்க விட்டோம்" என்று கேட்டுப் பலகைப் பக்கம் திரும்பாமல், நேரே மூன்றாவது பெஞ்சுக்குப் போய், "தாளை எடும்மா, எவ்வளவு இடிக்குது?" என்று கேட்க வேண்டும்.